‘எஸ்’ தட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம்! ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று நினைத்து யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்?

சென்னை:-

அடையாறு ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். ஒரு பக்கம் எலியட்ஸ் கடற்கரை. இன்னொரு பக்கம் தியாசாபிகல் சொசைட்டி தோட்டம். அந்தச் சங்கத்தின் தலைமை நிலையம் 1882-ம் ஆண்டு அடையாறுக்கு வந்தது. கொண்டுவந்தவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் குப்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மணலில் பைபர் படகுகள். படகில் பதிவு எண். கடலுக்குப் போகிறவர் கையில் அடையாள அட்டை.

நடுக்கடலில் ரோந்துப் படகு வந்து நிறுத்தினால் மூன்று விஷயம் பார்ப்பார்கள். அட்டையில் இருக்கிற ஆள்தானா இவர்? அட்டை இன்னும் செல்லுமா? அட்டையைக் கொடுத்தது யார்?

இதே மூன்று கேள்வியைத்தான் வீட்டில் இருக்கிற லேப்டாப்பும் கேட்கிறது. பதில் சரியில்லை என்றால் மஞ்சள் பட்டை போட்டுக் கத்துகிறது.

நாம் என்ன செய்கிறோம்? படிக்காமலே ‘எஸ்’ என்று தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்!

இதில் இருக்கிற ஆபத்து என்ன? எச்சரிக்கை வந்தால் என்ன செய்யவேண்டும்? விவரம் வருமாறு:-

நைனா கேட்ட கேள்வி

குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா கடலுக்குப் போகிறவர். மகள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டரை வீட்டு லேப்டாப்பிலிருந்தே திறந்து வேலை செய்கிற வசதி. இதற்கு ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று பெயர்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததே, அப்போது ஏராளமானவர்களுக்குப் பழக்கமானது இந்த வசதி. குமாஸ்தாவிலிருந்து மானேஜர் வரை கற்றுக்கொண்டார்கள். ஊரடங்கு போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே அப்பா எட்டிப் பார்க்கிறார்.

“இன்னாம்மா, பொட்டி மஞ்சளா இன்னாவோ காட்டுது?”

“ஒண்ணுமில்ல நைனா. டெய்லி வர்றதுதான். ‘எஸ்’ தட்டினா போய்டும்.”

“இன்னா சொல்லுது அது?”

“நீ போற கம்ப்யூட்டர் நெசமாவே அதுதானான்னு எனக்குத் தெரியலைன்னு சொல்லுது.”

“தெரியலைன்னு அதுவே சொல்லுது. அப்புறம் எத்த நம்பி நீ உள்ள போற?”

மகளிடம் பதில் இல்லை. பெரிய பெரிய கம்பெனி ஊழியர்களிடமும் இதற்குப் பதில் இருக்காது!

நடுவில் நிற்கிற ஆள்

வீட்டு லேப்டாப்புக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நேர்க் கம்பி கிடையாது. சேதி வைபை பெட்டி வழியாகப் போகும். அங்கிருந்து இணைப்புக் கம்பெனி. அங்கிருந்து எத்தனையோ கை மாறித்தான் ஆபீஸ்.

நடுவில் ஒருவன் நின்றுகொண்டு, “நான்தான் உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்” என்று சொன்னால்? லேப்டாப்புக்கு முகம் தெரியாது. குரல் தெரியாது. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அவன் கைக்குப் போகிற ஆபத்து உண்டு. அதை வைத்துக்கொண்டு அவன் நிஜ ஆபீசுக்குள் நுழைவான். சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் கணக்கு, பாங்கி விவரம் எல்லாம் அவன் முன்னால் திறந்து கிடக்கும். நாளைக்கு விசாரணை வந்தால், உள்ளே போனது யார் பெயரில்? உங்கள் பெயரில்!

கடைகளில் கிடைக்கிற இலவச வைபையில் உட்கார்ந்து வேலை செய்தால் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே நடுவில் நிற்பது சுலபம்.

இதைத் தடுப்பதற்காக வந்ததுதான் சர்டிபிகேட். காகிதச் சான்றிதழ் அல்ல. கம்ப்யூட்டர் தன்னிடம் வைத்திருக்கிற ஓர் அடையாள அட்டை. அதில் கம்ப்யூட்டரின் பெயர் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். கொடுத்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும்.

யார் யார் கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. வருகிற அட்டையை அதனோடு ஒத்துப்பார்க்கும். ஒன்று இடித்தாலும் எச்சரிக்கைதான்.

முதல் கேள்வி: பெயர்

“சர்டிபிகேட்டில் இருக்கிற பெயர் வேறு, நீங்கள் கூப்பிடுகிற பெயர் வேறு” என்று எச்சரிக்கை வந்தால் பதறவேண்டாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் போடாமல், ஐ.பி. எண்ணைப் போட்டுக் கூப்பிட்டிருப்பீர்கள். அட்டையில் இருப்பது பெயர். நீங்கள் சொன்னது எண். எப்படிப் பொருந்தும்? வீட்டு நம்பரைச் சொல்லி ஆளைக் கூப்பிட்டால் இவர்தான் அவர் என்று யார் சாட்சி சொல்வது?

பரிகாரம்: ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் முழுப் பெயரைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயரிலேயே கூப்பிடவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஒப்புக்கொள்ளாது. அந்தப் பெயரைப் போட்டும் எச்சரிக்கை போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆபீசுக்குப் போன் செய்யவேண்டும்.

இரண்டாவது கேள்வி: தேதி

“சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது” அல்லது “இன்னும் காலம் தொடங்கவில்லை” என்று எச்சரிக்கை வந்தால், முதலில் பார்க்கவேண்டியது ஆபீஸ் கம்ப்யூட்டரை அல்ல. உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை!

பழைய கம்ப்யூட்டர்களில் உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால், ஒவ்வொரு தடவை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். இன்றைக்குக் கொடுத்த சர்டிபிகேட், அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காத குழந்தை! ரிச்சி தெருவில் புது பேட்டரி வாங்கிப் போட்டு, நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வைத்துவிட்டால் எச்சரிக்கை போய்விடும்.

கடிகாரம் சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் ஆபீசில் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைப் புதுப்பிக்கவேண்டியது அவர்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இனிமேல் இந்த மறதிக்கு இடம் குறைவு. உலகம் முழுவதும் எல்லோரும் நம்புகிற சர்டிபிகேட்டுகளின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பர் முதல் 398 நாள்தான் உச்சவரம்பு. 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள்! கையால் புதுப்பிக்கிற காலம் போய், தானாகப் புதுப்பிக்கிற ஏற்பாடு செய்யாத ஆபீஸ்களில் இந்த எச்சரிக்கை அடிக்கடி தலைகாட்டும்.

மூன்றாவது கேள்வி: கொடுத்தவர் யார்?

அதிகம் பேர் பார்க்கிற எச்சரிக்கை இதுதான். “சர்டிபிகேட்டைக் கொடுத்தவர் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை.”

காரணம் என்ன தெரியுமா? விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் வசதியைத் திறந்தால், அது தனக்குத் தானே ஒரு சர்டிபிகேட் எழுதிக்கொள்ளும். கையெழுத்தும் அதுவேதான்! ஆறு மாதத்துக்குச் செல்லும். முடிந்தால் மறுபடி தானே புதிதாக எழுதிக்கொள்ளும்.

தன் அட்டையைத் தானே எழுதி, தானே முத்திரை குத்திக்கொண்டு ஒருவர் வந்தால் ரோந்துப் படகு விடுமா? அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அட்டை அதை நிரூபிக்காது. திருடனும் அதே மாதிரி ஓர் அட்டையை ஐந்து நிமிஷத்தில் எழுதிக்கொள்ள முடியும்.

சரியான பரிகாரம் ஆபீஸ் கையில் இருக்கிறது. கம்பெனி தனக்கென்று ஒரு சான்றளிக்கும் ஏற்பாட்டை வைத்து, எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அதிலிருந்து சர்டிபிகேட் கொடுக்கவேண்டும். ஊழியர்களின் லேப்டாப்புகளில் அந்தக் கையெழுத்தை நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். பிறகு மஞ்சள் பட்டை வராது. வந்தால் நிஜமான ஆபத்து என்று உடனே தெரிந்துவிடும்.

சில சமயம் கோளாறு உங்கள் பக்கமும் இருக்கலாம். நம்பிக்கைப் பட்டியலே பழசாகிப்போயிருக்கும். 2021 செப்டம்பர் 30-ந் தேதி அப்படித்தான் ஆனது. இலவசமாகச் சர்டிபிகேட் கொடுக்கும் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சர்டிபிகேட் அன்று காலாவதியானது. புதிய மூலம் ஏற்கனவே வந்துவிட்டது. ஆனால் பல வருஷமாக அப்டேட் செய்யாத பழைய கருவிகளுக்கு அது தெரியாது. நல்ல வெப்சைட்டுகளைக் கூட “நம்பாதே” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. அப்டேட் செய்வதுதான் அதற்கு மருந்து.

கைரேகை பார்க்கிற வழி

ஆபீஸ் இன்னும் ஏற்பாடு செய்யவில்லை. வேலையோ அவசரம். என்ன செய்வது?

அதற்கும் வழி இருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டியிலேயே ‘சர்டிபிகேட்டைப் பார்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டி ‘விவரம்’ பக்கத்துக்குப் போனால், கீழே ‘தம்ப்பிரிண்ட்’ என்று இருக்கும். சர்டிபிகேட்டின் கைரேகை! எண்ணும் எழுத்துமாக 40 இடம்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்து, அவர்கள் பக்கத்தில் இருக்கிற கைரேகையைப் படிக்கச் சொல்லி ஒத்துப்பார்க்கவேண்டும். ஒன்று விடாமல் பொருந்தினால் அதே கம்ப்யூட்டர்தான். பொருந்தாவிட்டால் உள்ளே போகவே கூடாது.

ஒரு விஷயம். போன் செய்வது ஏற்கனவே உங்களிடம் இருக்கிற ஆபீஸ் நம்பருக்கு. திரையில் வந்து நிற்கிற நம்பருக்கு அல்ல. “உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடு” என்று கம்ப்யூட்டர் சர்டிபிகேட் எச்சரிக்கை ஒருபோதும் சொல்லாது. அப்படிச் சொன்னால் அது மோசடிக்காரன் வேலை.

கைரேகை பொருந்திய பிறகு, “இனிமேல் இதைப் பற்றிக் கேட்காதே” என்ற கட்டத்தில் டிக் போடலாம். அதற்கு முன் போடக்கூடாது. ஒரு தடவை டிக் போட்டபின், சர்டிபிகேட் மாறினால் லேப்டாப் மறுபடி கேட்கும். அந்த மறு கேள்வி ரொம்ப முக்கியம். ஆறு மாதக் கெடு முடிந்து மாறியிருக்கலாம். ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கலாம். அல்லது நடுவில் ஆள் புகுந்திருக்கலாம். எது என்று போன் செய்தால்தான் தெரியும்.

படகு அசல், ஆள் போலி!

அட்டையில் பெயர் சரி, தேதி சரி, கொடுத்தவரும் பட்டியலில் இருக்கிறார். அப்போது கவலையே இல்லையா?

2008 நவம்பர் 26-ந் தேதி மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் எப்படி வந்தார்கள் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் பிடித்து, அதில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டு, அந்தப் படகிலேயே மும்பையை நெருங்கினார்கள். படகு அசல் இந்தியப் படகு. ஆள்தான் போலி. அதன்பிறகுதான் கடலோர மீனவர்களுக்குக் கைரேகைப் பதிவுடன் அடையாள அட்டை கொடுக்கும் திட்டம் வந்தது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் அதுபோல ஒன்று நடந்தது. அதுவும் நம் நாட்டில்!

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் என்று ஒரு மத்திய அரசு அலுவலகம் இருக்கிறது. ஆடிட்டர் மேஜையில் பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் இருக்குமே, அதில் உள்ள டிஜிட்டல் கையெழுத்துக்கும் மூலம் இந்த அலுவலகம்தான்.

இதன் கீழ் சர்டிபிகேட் கொடுக்கிற உரிமை மத்திய அரசின் தேசிய தகவலியல் மையத்துக்கும் இருந்தது. 2014 ஜூலை 2-ந் தேதி கூகுள் கம்பெனிக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. கூகுள் கேட்காமலே, கூகுளின் பல முகவரிகளுக்கு அந்த மையத்தின் பெயரில் சர்டிபிகேட்டுகள் கிளம்பியிருந்தன!

பெயர் சரி. தேதி சரி. கையெழுத்து அசல். மைக்ரோசாப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இந்தியக் கட்டுப்பாட்டாளரின் பெயர் இருந்ததால், அந்தப் பட்டியலைப் பார்க்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் மஞ்சளும் வராது, சிவப்பும் வராது. தனிப் பட்டியல் வைத்திருந்த பயர்பாக்ஸ் தப்பியது.

மறுநாளே மையத்தின் இடைநிலைச் சர்டிபிகேட்டுகள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. விசாரணையில் மையத்தின் சர்டிபிகேட் வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நடந்தது தெரிந்தது. தவறாகக் கொடுக்கப்பட்டவை 4. முதலாவது ஜூன் 25-ந் தேதி. 3 கூகுளுக்கு, 1 யாகூவுக்கு என்று கட்டுப்பாட்டாளர் தரப்பில் தெரிவித்தார்கள். அந்த நாலிலும் சேராத வேறு சர்டிபிகேட்டுகளையும் தாங்கள் பார்த்திருப்பதாகக் கூகுள் சொன்னது. பாதிப்பின் அளவு தெரியாது என்றும் சொல்லிவிட்டது. ஜூலை 10-ந் தேதி மைக்ரோசாப்டும் அந்தச் சர்டிபிகேட்டுகளை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து விலக்கியது.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 2011-ல் நெதர்லாந்தில் ‘டிஜிநோட்டார்’ என்ற கம்பெனிக்குள் ஆள் புகுந்து 500-க்கு மேற்பட்ட போலிச் சர்டிபிகேட்டுகளை எழுதிக்கொண்டான். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்களை ஒற்றுக்கேட்க அவை பயன்பட்டன. உலகமே அந்தக் கம்பெனியைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் கம்பெனி திவால்!

இந்தப் பட்டியல் திருத்தம் எல்லாம் அப்டேட் வழியாகத்தான் வீட்டு லேப்டாப்புக்கு வருகிறது. அப்டேட்டைத் தள்ளித் தள்ளிப் போடுகிறவருக்கு, பறிக்கப்பட்ட முத்திரையும் நல்ல முத்திரையாகவே தெரியும்.

மருந்தே நோயான கதை

அப்டேட் செய்ததாலேயே இணைப்பு போன காலமும் உண்டு. 2018 மே 8-ந் தேதி வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, “அடையாளச் சோதனையில் பிழை” என்று சொல்லிப் பலருக்கு ரிமோட் டெஸ்க்டாப் நின்றுவிட்டது. பாஸ்வேர்டைக் கொண்டுபோகிற ‘கிரெட்எஸ்எஸ்பி’ என்ற முறையில் இருந்த ஓட்டையை அடைத்ததுதான் காரணம். வீட்டு லேப்டாப்பில் ஓட்டை அடைத்தாகிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடைக்கவில்லை. அதனால் பேச மறுத்தது.

அவசரக்காரர்கள் லேப்டாப்பில் போட்ட அப்டேட்டைக் கழற்றினார்கள். அது தப்பு. ஆபீஸ் பக்கமும் அப்டேட் செய்வதுதான் வழி.

கடைசியாக ஒரு வார்த்தை

ஏற்கனவே ‘எஸ்’ தட்டி பாஸ்வேர்டும் கொடுத்தாகிவிட்டது, இப்போது சந்தேகம் வருகிறது என்கிறவர்கள் செய்யவேண்டியது: இணைப்பை உடனே துண்டிக்கவேண்டும். வேறு ஒரு நல்ல கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றவேண்டும். வெட்கப்படாமல் ஆபீசுக்குச் சொல்லவேண்டும். அதே பாஸ்வேர்டை பாங்கிக் கணக்குக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும்.

ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் பொய்யாகக் கத்துகிற எச்சரிக்கையை யாரும் நம்பமாட்டார்கள். “அது அப்படித்தான் வரும், எஸ் கொடுத்துட்டுப் போங்க” என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், நிஜமாகத் திருடன் வருகிற அன்றைக்கும் அவர்கள் ‘எஸ்’தான் கொடுப்பார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

குப்பத்து வீட்டில் மகள் என்ன செய்தார்?

‘எஸ்’ தட்டவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டார். கைரேகையைப் படிக்கச் சொன்னார். இங்கே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாற்பதும் பொருந்தியது.

“இன்னாம்மா, அதே ஆளுதானா?”

“அதே ஆளுதான் நைனா.”

“அப்ப போ.”

ஆனது மூன்று நிமிஷம்தான்.